முப்பதுக்கு ஒரு பச்சை, முப்பத்துநாலுக்கு ஒரு பச்சை

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் என்னிடம் "என்னங்க வேலை பாக்கறீங்க?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். டிசைன் செய்கிறேன் என்றால் சேலைக்கா நகைக்கா என்பார்கள். லேபிள், அட்டைப்பெட்டி, கம்பெனிச் சின்னம் என்று விளக்கினால், "ஓ, போர்டு எழுதறதுங்களா" என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிடுவார்கள். பம்ப் செட், கிரைண்டர், பனியன், நூல் என்று ஊரே எதையாவது செய்து பெட்டியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கவும் ஓர் ஆள் தேவை என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வாடகை வீட்டு மாடியில், கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு மேஜை. அதுதான் ஆபீஸ். கம்ப்யூட்டர் எல்லாம் வேறு யாரிடமோ இருந்த பொருள். எனக்கு ஸ்கேல், பிரஷ், போஸ்டர் கலர், கத்தரிக்கோல், பசை. இவற்றோடு ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

உனக்கு யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு அந்த டப்பாவைத் திறந்து காட்டுவேன். டவுன் பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், உடைந்த வளையல், கோழி இறகு, காய்ந்த மஞ்சள் தோல், பனியன் வெட்டுத் துண்டு என்று கண்ணில் பட்டு மனதை இழுத்ததெல்லாம் அதில் கிடக்கும். நிறங்களுக்கு நான் நம்பர் எழுதுவதில்லை, ஊர்ப் பெயர் வைப்பேன். பல்லடத்தில் கோழிப் பண்ணை வாசலில் அடுக்கியிருந்த முட்டைகளின் நிறம் 'பல்லடம் வெள்ளை'. பெருந்துறைத் தொழிற்பேட்டையின் கூரைகள் மழையில் நனைந்தால் வருவது 'பெருந்துறைச் சாம்பல்'. வேலை ஒன்று வந்தால் இரண்டு நாள் ஒன்றும் வரைய மாட்டேன். டப்பாவைக் கவிழ்த்து, துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "குப்பையக் கொட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த நூல் மில் வேலை வந்தது. பல்லடம் ரோட்டில், சூலூர் தாண்டி இருந்த மில். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெளியில் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக 'ங்க' போடுவார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. லேபிள், அட்டைப்பெட்டி, கவர், கடைசியாகக் கோன் முனை.

கோன் முனையைச் சொல்லிவிட வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. மில்லில் நூலைக் காகிதக் கூம்பில் சுற்றுவார்கள். அதற்குப் பெயர் கோன். சுற்றிய பிறகு வெளியே தெரிவது உச்சியில் ஒரு விரல் அகலத்துக்குக் காகித முனை மட்டுமே. அந்த முனைக்குச் சாயம் தோய்த்திருப்பார்கள். அந்த மில்லில் முப்பதாம் நம்பர் நூலுக்குச் சிவப்பு முனை, அதைவிடக் கொஞ்சம் மெல்லிய முப்பத்து நாலாம் நம்பருக்கு நீல முனை. நூலைப் பார்த்து எது எந்த நம்பர் என்று யாராலும் சொல்ல முடியாது. முனையைப் பார்த்துத்தான் பிரித்து மூட்டை கட்டுவார்கள்.

அந்தச் சிவப்பையும் நீலத்தையும் பார்த்ததும் முகம் சுளித்தேன். திருவிழா ராட்டினத்துக்குப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று முதலாளியிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நம்ம நூலெல்லாம் ஒரே குடும்பமாட்டத் தெரியோணுமுங்க அம்மணி. பாத்தா ஒரு தரமா இருக்கோணும்" என்றார்.

ஒரே குடும்பம் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். டப்பாவைக் கவிழ்த்தேன், ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, எனக்கு இன்னும் கல்யாணம் கூடவில்லை என்று அம்மா என்னைக் கொடுமுடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காவிரியில் முழுகிப் பரிகாரம் செய்தால் மூன்று மாதத்தில் மாப்பிள்ளை வருவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முழுகிவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தால், வெற்றிலைக் கட்டுகளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டு முற்றிய வெற்றிலை, ஒரு கட்டு கொழுந்து. ஒரே கொடியில் பறித்த இரண்டு பச்சைகள். காலை வெயில் அதன் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அம்மா அதைச் சாமி அருள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை கூடினானோ இல்லையோ, எனக்கு இரண்டு பச்சைகள் கூடிவிட்டன.

அடுத்த நாளே கோட்டைமேட்டுக்குப் போனேன். அங்கே சாயப்பொடி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம்தான் எனக்கு வேண்டிய நிறத்தையெல்லாம் கரைத்து வாங்குவேன். அவர் ஒரு கிண்ணத்தில் மஞ்சளையும் நீலத்தையும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, காகிதத்தில் தொட்டு வைத்து, நான் தலையாட்டும் வரை சலிக்காமல் கலக்குவார். அன்று பாதி நாள் அங்கேயே போனது. கடைசியில் இரண்டு பச்சையும் வந்தபோது, தாள்களைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அவர் கடைக்குள்ளே இருந்தபடி பார்த்தார்.

"ரெண்டும் அக்கா தங்கச்சியாட்ட இருக்குதுங்க அம்மணி. மாப்பிள்ளை மாத்திக் கூட்டிட்டுப் போயிருவான்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே குடும்பம் என்றுதானே கேட்டார்கள்? பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலாளியின் ஆபீசில் பெரிய ஜன்னல். வெளியே புல்தரை. அந்த வெளிச்சத்தில் மாதிரிக் கோன்களை நிறுத்தி வைத்தேன். முப்பதுக்கு முற்றிய பச்சை, முப்பத்து நாலுக்குக் கொழுந்துப் பச்சை. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுங்க" என்றார். அங்கிருந்து மூட்டை கட்டும் பேக்கிங் கூடம் நூறு அடிகூட இருக்காது. நான் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லேபிள் செய்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை அன்று புது கோன்களைச் சாமி முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பொரி வாங்கிக்கொண்டு நின்றபோது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா என் பக்கத்தில் வந்தார். பேக்கிங்கில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவர் என்று சொன்னார்கள். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தும், காதோரம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏனுங் அம்மணி, அந்தச் செவப்பு நீலத்துக்கு என்னுங் கொறச்சல்?" என்று கேட்டார்.

"அது பழசாப் போச்சுங்கக்கா. இது கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணாட்டவே தெரியுதுங்."

"பழகிடுமுங்க" என்று சொல்லிவிட்டுப் பொரியைக் கொறித்தேன். அந்தக் குரலில் இருந்த அலட்சியம் இப்போதும் என் காதில் கேட்கிறது.

இரண்டு மாதம் கழித்து, அட்டைப்பெட்டி மாதிரியைக் காட்ட மறுபடி மில்லுக்குப் போனேன். முதலாளி வெளியே போயிருந்தார். காத்திருக்கும் நேரத்தில் என் கோன்களை ஒரு பார்வை பார்க்கலாமே என்ற ஆசையில் பேக்கிங் கூடத்துக்குப் போனேன். பூஜை அன்று பேசிய அந்த அக்காவை அங்கே காணோம். மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அந்தம்மாளா? நம்பரக் கலந்துபோட்டுதுங்க. பல்லடத்துல தறியில ஓட்டிப் பாத்தா துணி பூராம் பட்ட பட்டயா விழுந்திருக்குது. நூலெல்லாம் திரும்பி வந்திருச்சு. கண்ணு தெரியாதத வேலைக்கு வெச்சுட்டு என்ன பண்றதுங்க? நிறுத்திப்போட்டாரு மொதலாளி, ஒரு மாசமாச்சு" என்றார்.

பாவம் என்று நினைத்தேன். முதலில் நினைத்தது அவ்வளவுதான். பிறகு தலையை நிமிர்த்தி அந்தக் கூடத்தைப் பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் மில்லில் ஜன்னல் திறப்பதில்லை. பகல் பதினொரு மணிக்கும் டியூப் லைட்தான். அதன்மேல் பஞ்சு படிந்து வெளிச்சம் மஞ்சளித்திருந்தது. சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சை பெயின்ட். நான் ஒரு முப்பதையும் ஒரு முப்பத்து நாலையும் கையில் எடுத்தேன். தள்ளுவண்டியில் வைத்தேன், இடம் மாற்றினேன், கண்ணை மூடித் திறந்தேன். எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பச்சைகளைப் பெற்றவள் நான். எனக்கே தெரியவில்லை.

ஒன்றும் சொல்லாமல், முதலாளியையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கோன் காகிதங்களையும் என் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். வெயிலில் இரண்டும் பளிச்சென்று வேறு வேறாக இருந்தன. நிறத்தில் தப்பில்லை, பார்த்தவர்கள் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். வெளியே தெரிந்தால் இனி ஒரு மில்காரர் என்னை வாசலில் ஏற்றுவாரா என்று பயந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் மில்லுக்குப் போன் செய்து, அந்த அக்கா வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வரிசை வீடுகளில் ஒன்று. வாசல் வெளிச்சத்தில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, தொங்குகிற நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். திருப்பூர்க் கம்பெனிகளிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிற வேலை. முகத்தில் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. பூஜை அன்று அது இல்லை.

"அட, வாங்க அம்மணி. கண்ணாடிக்குள்ள உங்க மொகம் இத்தன பெருசாத் தெரியுது" என்று சிரித்தார்.

"எப்பக்கா கண்ணாடி போட்டீங்க?"

"மில்லுல நிறுத்துன மறுநாளுங். பதினெட்டு வருசமா ஒரு கோன் மாத்தி வெச்சதில்லீங். இப்பக் கலந்துபோட்டேன்னா, கண்ணுதானுங்களே போயிருக்கோணும்? பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் பொட்டியில வெச்சு வித்துட்டு இருந்தான். போட்டுப் பாத்து வாங்கியாந்தேன். நாள் பூராம் தலைதான் விண்ணு விண்ணுங்குது. பழகிரும்னு பாக்கறேன்."

பழகிரும். அது நான் கொடுத்த வார்த்தை. வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்லலாம் என்று அழகழகாக யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது. "அக்கா, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. நான் போட்ட பச்சைதான் தப்பு. அந்த வெளிச்சத்துல எனக்கே தெரியலீங்க" என்றேன்.

கத்தரி நின்றது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது உங்குளுக்கு எப்பத் தெரியுமுங்?"

"நாலு நாளாச்சுங்கக்கா."

"நாலு நாளு" என்று திருப்பிச் சொன்னார். பிறகு, "எங்கிட்ட வந்து சொல்லி என்னுங் ஆகுது? மேஸ்திரி என்னையக் குருடின்னு சொன்னது தனியாக் கூப்புட்டு இல்லீங். பேக்கிங்குல இருக்கற அத்தன பேருக்கு முன்னால. நீங்களும் அங்க வந்து, அத்தன பேரு கேக்கச் சொல்லோணுமுங்" என்றார்.

அவ்வளவு கோபத்திலும் அந்த 'ங்' மட்டும் விட்டுப்போகவில்லை. வாடி போடி என்று திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை உறைத்திருக்காது. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் முதலாளியை விளக்கம் எதுவும் சொல்லாமல் பேக்கிங் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். முன்பே இருபது கோன்களை வெளியே வெயிலில் வைத்துப் பிரித்து, அடியில் பென்சிலால் நம்பர் எழுதி, கலந்து வைத்திருந்தேன். முனையைப் பார்த்து இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பிரித்தார். ஏழு தப்பு. மேஸ்திரி எட்டுத் தப்பு. முதலாளி ஒரு கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தனக்குள் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். ஆபீசுக்குத் திரும்பிய பிறகுதான் என்னிடம் பேசினார்.

"நாம ரெண்டு பேரும் இங்கயே ஒக்காந்து பாத்துட்டமுங்க. என் மேலயும் தப்புத்தான். பழைய கலரே போட்டுக்கலாம். அந்தம்மாளத் திங்கக்கெழம வரச் சொல்லீர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்தார். "இத நீங்க வெளிய சொல்லிக்க வேண்டாமுங்க. உங்க பேரு கெட்டுப்போயிரும். நானும் சொல்ல மாட்டேன்."

நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, இனி நான் போய்க் கூவி என்ன ஆகப்போகிறது என்று வீடு வரும் வரை மனது இனிக்க இனிக்கப் பேசியது. மேஜையில் உட்கார்ந்தேன். கொடுமுடியில் வாங்கி வந்து போட்டிருந்த முற்றல் ஒன்றும் கொழுந்து ஒன்றுமான வெற்றிலை இரண்டும் காய்ந்து சருகாகி டப்பாவில் கிடந்தன. இரண்டும் ஒரே பழுப்பாகியிருந்தன.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு தன் இடத்தில் நின்றிருந்தார். கண்ணாடி இல்லை. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கோன் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்திலேயே கோன் சுற்றும் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் நடுவில் நின்று, "ஏனுங்க, ஒரு நிமிசம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒரு பெண் காதில் கை வைத்து, "என்னுங்?" என்று கேட்டாள்.

"அக்கா கண்ணு மேல தப்பில்லீங்க! நான் போட்ட பச்சைதான் தப்பு!"

"கேக்கலீங்!"

மூன்று முறை. மூன்றாவது முறை தொண்டை கிழியக் கத்தினேன். என் தப்பை நானே ஊர் கேட்கக் கூவ வேண்டியிருந்ததில் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்ல, அவள் அடுத்தவளுக்குச் சொல்ல, கூடத்தின் கோடி வரை விஷயம் போய்ச் சேர்ந்தது. மேஸ்திரி ஒரு மூட்டையைக் காரணமே இல்லாமல் இடம் மாற்றி வைத்தார். அவர் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அக்கா என் பக்கத்தில் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தார்.

"எனக்கு வேண்டாமுங் அம்மணி. நீங்க வெச்சுக்குங்க. உங்குளுக்குத்தான் ஆகும்."

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "போங் கண்ணு, வேலையிருக்குது" என்று திரும்பிப் போனார். அன்று அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது எனக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு எந்த வேலை வந்தாலும், அந்தப் பெட்டியோ லேபிளோ கடைசியில் எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில், யார் கையில் இருக்கப்போகிறது என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன். கோழித் தீவன மூட்டைக்காகப் பண்ணையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை நாள் நின்றிருக்கிறேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்குப் பெருமை என்ன வேண்டிக்கிடக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ரோடும் மரமும் ஆட்களும் வீங்கி, கலங்கித் தெரிந்தன. கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சூலூர் வருவதற்குள் எனக்குத் தலை விண் விண்ணென்று வலிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் அதை ஒரு மாதம் போட்டிருந்தார்.